கூப்பிட்டால் வருவது யார்? மேற்கத்திய மந்திரப் பயிற்சி பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, மேற்கத்திய மந்திரப் பயிற்சியில் ஒரு உருவத்தைக் கூப்பிட்டு வழி கேட்கிறார்களாம், அதை ‘ஆர்க்கிடைப்’ என்கிறார்களே, அது ஆவியா, சாமியா, நம் மனசா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: மூன்று கட்சியும் உண்டு தம்பி. ஒரே ஆள் கட்சி மாறியதும் உண்டு. ஆங்கிலேய மந்திரவாதி அலிஸ்டர் கிரௌலி 1904இல் 72 ஆவிகளின் பட்டியலான ‘கோயெட்டியா’வைப் பதிப்பித்தார். இவையெல்லாம் மனித மூளையின் பகுதிகள்தான் என்று அதன் முன்னுரையில் அடித்துச் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில், கெய்ரோவில் மூன்று நாள், ஐவாஸ் என்ற குரல் சொல்லச் சொல்ல ஒரு நூலை எழுதியதாகவும் சொன்னார். அந்த ஐவாஸ் தனக்கு வெளியே இருக்கும் தனி உயிர் என்று பிற்காலத்தில் சாதித்தவரும் அவரே.

சுவிஸ் மனநல மருத்துவர் யுங் சொன்ன ஆர்க்கிடைப் வேறு. ஞானக் கிழவர், தாய், தந்திரக்காரன், நிழல் என மனித இனம் முழுவதற்கும் பொதுவான மன அச்சுகள் அவை. இன்றைக்குப் பலர் ஆவியையும் ஆர்க்கிடைப்பையும் ஒட்டிப் பேசுகிறார்கள். வந்தது யார் என்று முடிவு கட்டாமலே இந்தப் பயிற்சியைச் செய்யலாம். ஆனால் வந்தது சொன்னதைச் சோதிக்காமல் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: நம்ம ஊரில் சாமியாடுவதும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. சாமி மலையேறிய பிறகு ‘நான் என்ன சொன்னேன்?’ என்று கேட்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கொடை, உடுக்கை, குறி கேட்க நிற்கும் ஊர் எல்லாம் சேர்ந்துதான் அந்த நிகழ்வு. 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற ரகசிய மந்திரச் சங்கத்தின் வழியில் ஆள் தனியாகவும் செய்யலாம், ஆனால் நினைவு தப்பக் கூடாது. தெய்வமென்றால் தனக்குள் ஆவாகனம் செய்வார்கள். அதைவிடக் கீழான ஆவியென்றால் தாம் வட்டத்துக்குள் நின்றுகொண்டு, அதை வெளியே ஒரு முக்கோணத்தில் நிறுத்திப் பேசுவார்கள். இரண்டையும் குழப்பி, கோயெட்டியா ஆவியை உள்ளே அழைக்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

கேள்வி: தமிழருக்கும் இவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கோல்டன் டானில் கிரௌலிக்கு ஆசான் போலிருந்த ஆலன் பென்னட் 1900இல் இலங்கைக்குப் போனார். அங்கே தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், அவரிடமே யோகம் கற்றார். மறு ஆண்டு கிரௌலியும் போய்ச் சேர்ந்தார், கண்டியில் இருவரும் பயிற்சி செய்தார்கள். பென்னட் பிறகு பர்மாவில் பௌத்தத் துறவியானார்.

கேள்வி: சார், நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? ஒரு உதாரணம் கொடுங்கள்.

பதில்: எழுத்து வேலை முட்டுச்சந்தில் நிற்கிறது, வழி கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எகிப்தியரின் தோத் பொருத்தம்: அரிவாள்மூக்கன் பறவையின் தலை, கையில் எழுதுகோல். கோல்டன் டான் கணக்கில் இவர் புதன் கோளைச் சேர்ந்தவர். ஆகவே புதன்கிழமை, எண் 8, ஆரஞ்சு நிறம்.

முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். ‘என் வாழ்க்கை எப்படி இருக்கும்’ என்பதெல்லாம் கேள்வியே இல்லை. பிறகு இடத்தைச் சுத்தம் செய்யும் ஐங்கோணச் சடங்கு, அதாவது காற்றில் ஐங்கோண நட்சத்திரம் வரைந்து நான்கு திசைக்கும் தேவதூதர்களை அழைப்பது: கிழக்கே ரஃபாயேல், மேற்கே கபிரியேல், தெற்கே மிக்காயேல், வடக்கே அவுரியேல். அடுத்து அந்த உருவத்தை மனதில் கட்டி, ஆடை போல உடம்பின்மேல் போர்த்திக்கொள்ள வேண்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். அலகின் வளைவும் கையிலுள்ள கோலின் கனமும் தெரியும்வரை இருங்கள். கேளுங்கள், வந்ததைத் திருத்தாமல் எழுதுங்கள், அசட்டுத்தனமாக இருந்தாலும் சரி. நன்றி சொல்லி அனுப்பிவிட்டு மறுபடியும் ஐங்கோணச் சடங்கு. கடைசியில் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், தயிர்சாதம்கூடப் போதும்.

அனுப்பிவைக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் சோம்பல்படுகிறவர்கள்தான் பிறகு வாரக்கணக்கில் ‘யாரோ கூடவே இருக்கிற மாதிரி இருக்கு’ என்று வந்து நிற்கிறார்கள்.

கேள்வி: காமிக்ஸ் ஹீரோவைக் கூப்பிட்டாலும் வேலை செய்யுமாமே?

பதில்: 1970களின் கடைசியில் பிரிட்டனில் கிளம்பிய, எந்த மரபுக்கும் கட்டுப்படாமல் வேலை செய்வதை எடுத்துக்கொள்ளும் கேயாஸ் மேஜிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பொய் என்று தெரிந்தே கும்பிடுகிறவரும் உண்டு: காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் வணங்குவது கிளைக்கான் என்ற பாம்புத் தெய்வத்தை. 2ஆம் நூற்றாண்டில் கருங்கடல் கரையில், பழக்கிய பாம்புக்குத் துணியால் மனிதத் தலை செய்து மாட்டி, நாரையின் மூச்சுக்குழாய்கள் வழியே அதுதான் கிளைக்கான் என்று பேசவைத்தார்கள் என்பதை, அக்கால எழுத்தாளர் லூசியன் அன்றே அம்பலப்படுத்திவிட்டார். மோசடிதான் என்று மூரே ஒப்புக்கொள்கிறார், பொய் என்று தெரிந்த தெய்வமானால் மதவெறி வராதாம். எனக்கு அந்தக் குறும்பு பிடிக்கும்.

டொராண்டோவில் 1972இல் எட்டுப் பேர், ஃபிலிப் என்ற 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரபுவை வேண்டுமென்றே கற்பனையாக உருவாக்கி அழைத்தார்கள். மேசை தட்டிப் பதில் சொன்னது. ஆனால் அந்த எட்டுப் பேருக்குத் தெரியாத எதையும் ஃபிலிப் சொல்லவில்லை. வழிகாட்டலை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை. உங்களுக்குள் கிடப்பதைத் தோண்டி எடுக்க உதவும், லாட்டரி எண் கிடைக்காது.

கேள்வி: நான் கூப்பிட்டதும் வந்த வழிகாட்டி என் வேலையை விடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: விடாதீர்கள். யுங்குக்கு ஃபிலெமோன் என்ற கிழவர் வந்தார்: மாட்டுக் கொம்பு, மீன்கொத்திச் சிறகு, கையில் நான்கு சாவி. தோட்டத்தில் அவரோடு பேசிக்கொண்டே யுங் நடப்பார். அந்த நாட்களில் தன்னைப் பிடித்து நிறுத்தியது எது என்றும் யுங் சொல்லியிருக்கிறார்: மருத்துவப் பட்டம் இருக்கிறது, நோயாளிகளைப் பார்க்க வேண்டும், மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள், இன்ன தெருவில் வீடு. கட்டளையிடுகிற வழிகாட்டியை எதிர்த்துப் பேசுங்கள், காரணம் கேளுங்கள். கூப்பிடாமலே குரல் கேட்கிறது, தூக்கம் கெடுகிறது என்றால் பயிற்சியை இன்றே நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே அதற்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வழியே வேண்டாம்.

கேள்வி: ‘ஸ்பிரிட் கைடு’, அதாவது வழிகாட்டும் ஆவியோடு நம்மை இணைத்துவைக்கும் வகுப்புக்கு 15,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா அண்ணா?

பதில்: வேண்டாம்மா. கோல்டன் டானின் ரகசியங்களை மந்திர நூல் எழுத்தாளர் இஸ்ரேல் ரெகார்டி 1937 முதல் 1940 வரை நான்கு தொகுதிகளாக அச்சிட்டே விட்டார். ஒரு மாதம் நீங்களாகச் செய்து, செய்ததையும் வந்ததையும் பதிவேட்டில் எழுதுங்கள். அதன் பிறகும் வகுப்பு வேண்டும் என்று தோன்றினால், பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆசிரியரின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.