மூக்கொழுக்கும் கழிச்சலும்: ஆட்டுக்கொல்லியா, நீலநாக்கா?

கேள்வி: 80 செம்மறிகளையும் 7 வெள்ளாடுகளையும் ஒன்றாகக் கிடை போட்டு மேய்க்கிறோம். வாரச்சந்தையில் வாங்கிய 4 கிடாக்களை மந்தையில் சேர்த்து 15 நாள் ஆகிறது. இப்போது இருபது ஆடுகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, வாய் நாறுகிறது, சிலவற்றுக்குக் கழிச்சல். 5 செத்துவிட்டன, அதில் 2 வெள்ளாடு. ஒருவர் சளிக்காய்ச்சல் என்று ஊசி போட்டார், இன்னொருவர் நீலநாக்கு என்கிறார். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆட்டுக்கொல்லி நோயை, அதாவது பி.பி.ஆர். கிடை மேய்க்கும் பழைய கீதாரிகள் ஆட்டு வெக்கை என்பார்கள். மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய்க் கிருமிக்கு இது நெருங்கிய உறவு என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான். இந்தியாவில் இது முதலில் உறுதியானது 1987இல், விழுப்புரம் பக்கம் அரசூரில், அதுவும் செம்மறி மந்தையில். வெள்ளாட்டுக்குத்தான் வரும், செம்மறிக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் கேள்வியிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஒன்று, புதுக் கிடாக்கள் வந்து இரண்டு வாரத்துக்குள் நோய் கிளம்பியது. கிருமி உள்ளே போய்ப் பெரும்பாலும் 3 முதல் 6 நாளில் காய்ச்சல் தெரியும். இருமல், மூக்குநீர், சாணம் வழியாக அடுத்த ஆட்டைப் பிடிக்கும். மற்றொன்று, வெள்ளாடும் செத்தது. நீலநாக்கு நோயில் செம்மறி படுத்துவிடும், பக்கத்தில் நிற்கும் வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அது ஆட்டுக்கு ஆடு தொற்றுவதும் இல்லை. மழைக்காலத்தில் பெருகும் கொசுவினும் சிறிய கடிபூச்சிகள்தான் பரப்புகின்றன.

ஆட்டைப் பிடித்துப் பார்க்கும்போது அறிகுறி வந்த வரிசையைக் கவனியுங்கள். ஆட்டுக்கொல்லியில் முதலில் 104 முதல் 106 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். விடியற்காலையில், மேய்ச்சலுக்கு விடுமுன் ஆசனவாயில் பாருங்கள். வெயிலில் நின்ற ஆட்டுக்குச் சும்மாவே சூடு ஏறியிருக்கும். கூடவே கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஒழுகும். ஓரிரு நாளில் அது சளியாகி, காய்ந்து மூக்குத் துளையை அடைக்கும், இமைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு கீழுதட்டை மடித்து ஈறைப் பாருங்கள்: தவிடு அப்பியது போல வெளுத்த பொருக்கு இருக்கும். விரலால் ஈறைத் தேய்த்தால் தோல் துணுக்கு ஒட்டிக்கொண்டு வரும். குடலைப் புரட்டும் நாற்றம். காய்ச்சல் வந்த இரண்டு மூன்று நாளில் கழிச்சல், அதோடு இருமல். சினை ஆடுகள் குட்டி வீசலாம்.

நீலநாக்கில் உதடும் முகமும் வீங்கும். குளம்பின் மேல் விளிம்பு சிவந்து ஆடு நொண்டும். பெயரில் இருக்கிற நீலத்தைத் தேடி நாக்கை இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை, பல ஆடுகளில் நாக்கு நீலமாகவே இருக்காது. ஆட்டம்மையானால் வாலடி, தொடை இடுக்கு, அக்குள் என்று மயிர் இல்லாத இடங்களில் கொப்புளம் தட்டுப்படும். குட்டிகளின் உதட்டில் பூக்கோசு போலப் பொருக்கு, கழிச்சல் இல்லை என்றால் ஓர்ஃப் என்ற வாய்ப்பொருக்கு நோய். அது மனிதர் கைக்கும் ஒட்டும், உறை போட்டுத் தொடுங்கள். ஒரு சிக்கல்: ஆட்டுக்கொல்லியிலிருந்து தேறும் ஆடுகளின் உதட்டிலும் இதே போலப் பொருக்கு வரும். எனவே மந்தையில் ஒரு ஆட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சளிக்காய்ச்சல் என்றவர் முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. ஆட்டுக்கொல்லிக் கிருமி ஆட்டின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட்டதும் நுரையீரலில் பாக்டீரியா புகுந்துகொள்கிறது. ஊசி அதை அடக்கும், சில ஆடு பிழைக்கும், உடனே ‘மருந்து கேட்டது, சளிதான்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். வெறும் நிமோனியாவில் வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து வருவதில்லை.

உறுதி ஆய்வகத்தில்தான். அங்கே காரியம் கெடுவது பெரும்பாலும் தவறான ஆட்டைத் தேர்ந்தெடுப்பதால். கழிந்து கழிந்து சாகக் கிடக்கும் ஆட்டில் கிருமி குறைந்திருக்கும். நேற்றோ இன்றோ காய்ச்சல் வந்து, மூக்குநீர் தெளிவாக ஒழுகும் ஐந்தாறு ஆடுகளைத் தனியே கட்டி மருத்துவரிடம் காட்டுங்கள். கண், மூக்கு, ஈறு ஆகியவற்றில் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுப்பார். உறையாத ரத்தம் ஒரு குழாய், சீரத்துக்கு (ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிநீருக்கு) இன்னொன்று. எல்லாம் ஐஸ் பெட்டியில் போக வேண்டும். நீலநாக்கும் சந்தேகமென்றால் உறையாத ரத்தம் அவசியம், அதை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. செத்த ஆடானால் இறந்த சில மணி நேரத்துக்குள் அறுத்துப் பார்க்க வேண்டும்: பெருங்குடலின் உட்புற மடிப்புகளில் வரிக்குதிரைக் கோடு போல ரத்தக் கசிவும், நுரையீரலின் முன்மடல்கள் சிவந்து இறுகியிருப்பதும் ஆட்டுக்கொல்லியைக் காட்டும். குடல் நிணநீர்க்கட்டி, மண்ணீரல், நுரையீரல் துண்டுகளை ஐஸில் அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமியைப் பிரித்தெடுக்க முடியாது. அது திசு ஆய்வுக்கான தனித் துண்டுக்கு மட்டும்.

தடுப்பூசி போடுமுன் சீரம் எடுத்துவிடச் சொல்லுங்கள். தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளா, நோயால் வந்ததா என்று பரிசோதனையில் பிரித்தறிய முடியாது.

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கால்நடை உதவி எண் 1962க்கு இன்றே அழையுங்கள். நோயுற்றவற்றை, அவற்றின் பக்கமிருந்து மந்தை மேல் காற்று வீசாத இடத்தில் விலக்கிக் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டி தனி, அவற்றைப் பார்ப்பவர் தனி. மந்தையைப் பொது மேய்ச்சலுக்கு விடாதீர்கள், ஒன்றையும் விற்காதீர்கள். செத்தவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அக்கம்பக்கத்து மந்தைகளுக்கு ஆட்டுக்கு 1 மில்லி, தோலுக்கடியில் தடுப்பூசி போடச் சொல்லுங்கள். மூன்று மாதம் தாண்டிய குட்டிகள் முதல் போடலாம். கரைத்த மருந்தை ஐஸில் வைத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், ஆட்டுக்கு ஆடு ஊசியை மாற்ற வேண்டும். உங்கள் மந்தையில் நலமாகத் தெரியும் ஆடுகளுக்குப் போடுவதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஏற்கெனவே கிருமி உள்ளே இருக்கும் ஆடு, ஊசி போட்டாலும் விழும். பழி ஊசிமேல் போகும்.