பெயர் வைக்காதே என்று சொன்னது யார்?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மூன்று மாதமாகக் கறியைத் தொடுவதில்லை. அதோடு விட்டாலும் பரவாயில்லை. நாங்கள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்துகொண்டு, "நாயை மடியில வச்சுக் கொஞ்சுறீங்க, கோழிய அறுத்துச் சாப்பிடுறீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கிறாள். போன வாரம் என் மாமியாரைப் பார்த்து, "நீங்க கொலைகாரி" என்று சொல்லிவிட்டாள். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வீட்டில் ஐந்து கோழிக்குஞ்சு வாங்கினோம். ஒன்றுக்குச் செம்பி என்று பெயர் வைத்துத் தூக்கிக்கொண்டே திரிந்தாள். மற்றதுக்குப் பெயர் வைக்காதே என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அந்த நாலும் சமையலுக்குப் போய்விட்டன. இப்போது செம்பி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. அதையும் முடித்துவிடலாம் என்கிறார் கணவர். அவள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது செய்துவிட்டு, எங்கேயோ ஓடிப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறோம். சில விலங்கு வளர்க்க, சில விலங்கு சாப்பிட என்பதற்கு விஞ்ஞானபூர்வமான காரணம் ஒன்றைச் சொல்லுங்கள். அதைக் காட்டி அவள் வாயை அடைத்துவிடுவேன். வளர்கிற பெண், புரோட்டீனுக்கு என்ன செய்வாள் என்ற கவலையும் இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "மற்றதுக்குப் பெயர் வைக்காதே என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன்." போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் மகள் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. குஞ்சுகள் வீட்டுக்கு வந்த அன்றே அது உங்களுக்குத் தெரிந்தும் இருக்கிறது.

ஐந்து குஞ்சும் ஒன்றாக வந்தவை. ஒரே தீனி, ஒரே தண்ணீர், ஒரே கூடு. ஒன்று மடியில் வளர்ந்தது, நாலு அடுப்புக்குப் போயின. நாய்க்கும் கோழிக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளை வாயால் கேட்கிறாள். ஆனால் அவள் கண்ணெதிரே பிரித்து வைக்கப்பட்டவை கோழியும் கோழியும்தான். பிரித்தவர் நீங்கள். அடுத்த குஞ்சுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவள் யோசிக்கும்போதே தடுத்தவர் நீங்கள். எதற்காகத் தடுத்தீர்கள்? பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிவிட்டால் அப்புறம் அதன் கழுத்தில் கத்தி வைக்க மனசு வராது என்று உங்களுக்குத் தெரியும். இதை உங்களுக்கு எந்த விஞ்ஞானியும் வந்து சொல்லித் தரவில்லை. அப்படியிருக்க, இப்போது என்னிடம் ஒரு விஞ்ஞானக் காரணம் வாங்கிக்கொண்டு போய்ப் பெற்ற பிள்ளையின் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள்.

சரி, கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாய் ஓநாயிலிருந்து வந்தது. குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதனோடு இருக்கிறது. விவசாயம் தொடங்குவதற்கு முன்பே நம்மோடு சேர்ந்துகொண்ட விலங்கு அது. வேட்டைக்கு வந்தது, இரவில் காவல் காத்தது. அதைக் கொன்று தின்பதைவிட உயிரோடு வைத்திருப்பதில்தான் மனிதனுக்கு லாபம். தானியம் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. ஆடும் மாடும் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் பழக்கப்பட்டவை. நம் வயிற்றால் செரிக்க முடியாத புல்லைத் தின்று பாலாகவும் கறியாகவும் மாற்றித் தந்தன. கறி தின்னும் விலங்கைக் கறிக்காக வளர்த்தால் கட்டுப்படியாகாது. ஒரு கிலோவை எடுக்கப் பல கிலோவைப் போட வேண்டியிருக்கும். மனிதன் பெரும்பாலும் இலைதழை தின்னும் விலங்குகளையே தட்டுக்குக் கொண்டுவந்ததற்கு இது ஒரு காரணம்.

இதைக் கொண்டுபோய் மகளிடம் சொல்லிப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாங்காது. அவளுக்குத் தேடிப் படிக்கத் தெரியும். பல நாடுகளில் குழந்தைகள் கூண்டில் வைத்துக் கொஞ்சும், எலி இனத்தைச் சேர்ந்த கினிப் பன்றியை, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி மக்கள் உணவுக்காகவே பழக்கினார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள். பெருவில் இன்றைக்கும் அதைச் சாப்பிடுகிறார்கள். முயலைக் கறிக்கு வளர்ப்பவர்களும் செல்லமாக வளர்ப்பவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். குதிரைக் கறி தின்னக் கூடாது என்று எட்டாம் நூற்றாண்டில் போப் மூன்றாம் கிரிகோரி தடுத்தார். 1866இல் பிரான்சில் அதே கறியை விற்கச் சட்டப்படி அனுமதி கொடுத்தார்கள். இந்த ஆயிரம் ஆண்டுகளில் குதிரை மாறவில்லை. தென் கொரியாவில் நாய்க்கறி வழக்கத்தில் இருந்தது. நாயை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பவர்கள் பெருகப் பெருக அந்த வழக்கம் சுருங்கிக்கொண்டே வந்து, 2024 ஜனவரியில் நாடாளுமன்றமே தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2027இல் அது முழுதாக அமலுக்கு வருகிறது. அறிவுள்ள விலங்கை நாம் தின்பதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மூக்கால் ஜாய்ஸ்டிக்கை அசைத்துத் திரையில் ஒரு புள்ளியை நகர்த்தப் பன்றிகள் கற்றுக்கொண்டதாக 2021இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. அவ்வளவு தெரிந்த விலங்கைத்தான் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் அறுக்கிறார்கள்.

எந்த விலங்கை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒவ்வொரு சமூகமும் தன் தேவைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப முடிவு செய்திருக்கிறது. முடிவு செய்த பிறகு மனசையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. 2010இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில் சிலருக்கு மாட்டிறைச்சியும் சிலருக்குக் கொட்டைப் பருப்பும் தின்னக் கொடுத்துவிட்டு, எந்தெந்த விலங்குகள்மேல் நமக்கு அக்கறை இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். இறைச்சி தின்றவர்கள் குறைவான விலங்குகளையே சொன்னார்கள். தின்றதைப் பற்றி யோசிக்காமல் இருக்க மனசு செய்யும் வேலை இது. நீங்கள் ஒரு படி முன்னால் போய், தின்பதற்கு முன்பே உங்கள் மகளின் மனசை அந்தப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

கோழிக்கு என்ன தெரியும் என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். நார்வேயில் தோர்லெய்ஃப் ஷெல்டரப்-எபே என்று ஒருவர் இருந்தார். சிறுவனாக இருக்கும்போதே கோழிகளைத் தனித்தனியாக அடையாளம் பிரித்துக் கவனிக்க ஆரம்பித்தவர். எந்தக் கோழி எதைக் கொத்துகிறது, எது எதைக் கண்டால் ஒதுங்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். கோழிக் கூட்டத்தில் யார் பெரியவர், யார் சின்னவர் என்று ஒரு வரிசை இருக்கிறது, ஒவ்வொரு கோழிக்கும் மற்றதை ஆள் தெரியும் என்று 1920களின் தொடக்கத்தில் எழுதினார். உங்கள் மகள் பெயர் வைக்காமல் விட்ட நாலும் ஒன்றையொன்று அறிந்துதான் அந்தக் கூட்டில் இருந்தன.

இதனால் எல்லோரும் கறியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கறி சாப்பிடும் குடும்பங்களை நான் குறை சொல்பவளும் இல்லை. ஆனால் ஓர் உயிரைக் கொன்று உண்பது என்று முடிவெடுத்த பெரியவர்கள், அந்த முடிவு தங்களுடையது என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இயற்கை அப்படி, உலகம் அப்படி என்று கைகாட்டுவது பெற்றவர்களுக்கு அழகில்லை. "நாயையும் கோழியையும் பிரித்தது நாங்கள்தான். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படிப் பிரித்தார்கள், நாங்களும் தொடர்கிறோம். கோழிக்கும் வலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சாப்பிடுகிறோம்." இந்த நாலு வாக்கியத்தைச் சொல்ல உங்களுக்கு வாய் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்கள் மகளுக்கு அது போதும். வரவில்லை என்றால், அவள் கேட்கும் கேள்வியை நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இப்போது செம்பி. அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. முட்டை நின்றதற்கு வயதுதான் காரணம் என்று முதலில் உங்களுக்கு யார் சொன்னது? இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் காலத்தில் கோழி வாரக்கணக்கில் முட்டையிடாது. அடைக்கு உட்கார்ந்தாலும் இடாது, தீனி சரியில்லை என்றாலும் நின்றுபோகும். இனி ஒரு முட்டைகூட இடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் வைக்க அனுமதித்தது நீங்கள். இது உன்னுடையது என்று சொல்லி மகள் கையில் கொடுத்தது போலத்தான் அது. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை முட்டைக் கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்க முடியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோழி இன்னும் சில ஆண்டுகள் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு ஆகும் தீனிச் செலவு அந்தக் குடும்பத்தின் கடமை. இதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஓடிப்போய்விட்டது என்று பொய் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். அந்த நாலும் எங்கே போயின என்று தெரிந்த பெண்ணிடம் ஐந்தாவது ஓடிப்போய்விட்டது என்று சொல்லப் போகிறீர்களா? அவள் ஒரு நிமிடம்கூட நம்ப மாட்டாள். அப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும், வயசுக்கு வந்த பிறகு யாரோடு பழகலாம், எப்போது வீடு திரும்ப வேண்டும் என்று என்ன புத்தி சொன்னாலும், இந்த அம்மா எனக்குத் தெரியாமல் செய்துவிட்டுக் கதை சொல்பவள் என்றுதான் கேட்டுக்கொள்வாள். ஒரு கோழிக்காகப் பெண்ணின் நம்பிக்கையை விற்கப் போகிறீர்கள். இந்த யோசனையைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

மாமியார் விஷயத்தில் நான் மகள் பக்கம் இல்லை. பாட்டியைக் கொலைகாரி என்று சொன்னது தவறு, பெரிய தவறு. அந்த வீட்டில் பல ஆண்டுகளாகச் சமைத்துப் போட்டவர் அவர். பேத்தி சாப்பிட்டு வளர்ந்ததும் அவர் கையால்தான். கறி வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு, பெரியவரைத் தட்டோடு எழுந்து போகவைக்கும் உரிமை கிடையாது. அவள் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கேட்கவையுங்கள். ஆனால் வரிசை முக்கியம். முதலில் நீங்கள் அவளிடம் உண்மையைச் சொல்லுங்கள், அப்புறம் அவளைப் பாட்டியிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுடைய கோபம் உங்கள்மேல் இருக்கிறது. உங்களிடம் கேட்டுப் பதில் கிடைக்காததால் எதிர்த்துப் பேச முடியாத வயதானவர்மேல் போய் விழுந்திருக்கிறது. பாட்டி அவமானப்பட்டதில் உங்களுக்கும் பங்கு உண்டு. மாமியாரிடம் நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

புரோட்டீன் கவலையை விட்டுவிடுங்கள். பருப்பு, பயறு, கடலை, பால், தயிர் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும். முட்டை சாப்பிடுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை, சாப்பிட்டால் இன்னும் சுலபம். நீங்கள் கவனிக்க வேண்டியவை இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும். மாதவிலக்கு தொடங்கும் வயதில் இரும்புச்சத்து குறைய வாய்ப்பு அதிகம். கீரை, பயறு வகைகளோடு எலுமிச்சை, நெல்லி மாதிரிப் புளிப்பான ஏதாவது சேர்த்துக் கொடுத்தால் உடம்பு இரும்பை நன்றாக எடுத்துக்கொள்ளும். பி12 செடிகொடிகளில் கிடைக்காது, பாலிலும் முட்டையிலும் உண்டு. பாலையும் விட்டுவிட்டால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை கொடுக்க வேண்டும். ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மற்றபடி அவளுக்காகத் தனிச் சமையல் தேவையில்லை. எல்லோருக்கும் சேர்த்துச் செய்யும் காயையும் பருப்பையும் கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் ஆயிற்று. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். அவளைத் தனியாக அறையில் சாப்பிட அனுப்பாதீர்கள்.

மறுபடி கோழிக்குஞ்சு வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே அவளை உட்காரவைத்து, இவை எதற்காக என்று சொல்லிவிடுங்கள். அவள் வேண்டாம் என்றால் வாங்காதீர்கள்.