ஜப்பானில் ஊழியரே இல்லாத சின்ன ஊர் ஸ்டேஷனில் ஏறினால் டிக்கெட் எங்கே எடுப்பது?

பெரும்பாலும் வண்டிக்குள்தான். கண்டக்டர் இல்லாமல் டிரைவர் மட்டும் இருக்கும் ரயில்களில் பொதுவாகப் பின்கதவில் ஏறி, அங்குள்ள பெட்டியிலிருந்து எண் சீட்டை எடுக்க வேண்டும். முன்பக்கப் பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது சீட்டையும் சரியான சில்லறையையும் டிரைவர் அருகிலுள்ள பெட்டியில் போடுங்கள். மீதி வராது. 1,000 யென் நோட்டுக்கு அதிலேயே சில்லறை மாற்றலாம். 10,000 யென் நோட்டோடு ஏறுபவர்தான் மாட்டிக்கொள்வார். பல வண்டிகளில் இறங்குவதற்கு முதல் பெட்டியின் முன்கதவு மட்டுமே திறக்கும், முன்கூட்டியே நகர்ந்துவிடுங்கள்.

இந்த ஸ்டேஷன்களை நம்பியிருப்பவர்கள் முக்கியமாகப் பள்ளி மாணவர்களும் கார் ஓட்டாத முதியவர்களும். ஊழியரே இல்லாமல் விடாமல் ரயில் நிறுவனம் செலவைக் குறைக்க வேறு வழியும் உண்டு: சிபா மாநிலத்து எமி ஸ்டேஷனில் 2020 முதல் தபால் நிலையம் இயங்குகிறது, தபால் ஊழியரே ரயில் டிக்கெட்டும் தருகிறார்.