போர்க்காலத்தில் சரக்குக் கப்பலில் போய்த் திரும்பாத உறவினரை உங்கள் வீட்டில் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

கேள்வியிலேயே நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "அவர் படைவீரர் இல்லை, சம்பளத்துக்குப் போனவர்தான்." அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் பாதி சொல்லிப் பாதியில் நிறுத்திய கதையாக அது இருந்திருக்கும், அதனால்தான் கேட்பதற்கே தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். திருமங்கலம் பக்கம் கிராமம், கரிசல், மழை பெய்தால்தான் பருத்தி. மழை இல்லாத ஒரு வருஷம் தூத்துக்குடிக்கு மூட்டை தூக்கப் போனவர், அங்கே பழகிய ஒருவரோடு பம்பாய் போய், வெள்ளைக்காரக் கம்பெனிக் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். பண்டாரி என்பார்கள். 1942-ல் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ஊர் வாத்தியார்தான் படித்துச் சொன்னார்: கப்பல் மூழ்கிவிட்டது, ஆளைக் காணவில்லை. இறந்துவிட்டார் என்று அதில் இல்லை. அவர் மனைவி, எங்கள் பெரிய அப்பத்தா, அதைப் பிடித்துக்கொண்டது.

சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீட்டில் சுமங்கலி என்று ஆரத்தி எடுக்கக் கூப்பிடவும் தயங்குவார்கள், வராதே என்று சொல்லவும் யாருக்கும் வாய் வராது, அப்பத்தாவே பந்தி நடக்கும் நேரமாகப் பார்த்துக் கொல்லைப்பக்கம் போய்ப் பாத்திரங்களோடு உட்கார்ந்துகொள்ளும். அப்பத்தா இருந்தவரை பெரிய தாத்தாவுக்குத் திதி கொடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அப்பத்தா போனபிறகுதான் பெரியப்பா ஆடி அமாவாசைக்குத் திருப்புவனம் போய், வைகைக் கரையில் இரண்டு பேருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதானே கணக்கு. இன்றுவரை அது நடக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

சரி, சம்பளத்துக்குப் போனவர் என்கிறீர்களே, அந்தச் சம்பளம் எவ்வளவு? ஒரே கப்பலில் வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்ததில் ஒரு சின்னப் பங்கு. 1939-ல் போர் தொடங்கியதும் இந்தியக் கப்பல்காரர்கள் பிரிட்டன் துறைமுகங்களிலேயே வேலை செய்ய மறுத்து நின்றார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள், அப்புறம்தான் கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார்கள். 1940 செப்டம்பரில் சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. அதில் இறந்த ஆங்கிலேயக் குழந்தைகளைப் பற்றி உலகமே அழுதது, அழவேண்டியதுதான். அதே கப்பலில் நூறு பேர் அளவில் இந்தியப் பணியாளர்களும் செத்தார்கள். அவர்கள் வீடுகளிலும் ஒரு அப்பத்தா இருந்திருப்பார் இல்லையா.

வெள்ளைக்காரன் போர், அதற்கு எதற்கு உருகுகிறாய் என்று ஒருவர் வந்து சொல்வார், தெரியும். எங்கள் பக்கத்தில் நேதாஜி படையில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களை நான் ஒரு சொல்லும் குறைத்துப் பேசவில்லை. அந்த வீடுகளுக்குக் கிடைத்த மரியாதை எங்களுக்கும் வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆனால் 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பல்கள் வங்காள விரிகுடாவில் சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேல் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, மெட்ராஸில் ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அந்தக் கடலில் துப்பாக்கி இல்லாமல் அடுப்படியில் நின்று சோறு பொங்கியவரைக் கோழை என்றோ கைக்கூலி என்றோ யாரும் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் என் கட்சி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் தீராது. பெரிய தாத்தா பெயரில் கொஞ்சம் புஞ்சை நிலம். பட்டா மாற்றப் போனால் ஒரு அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். கடலில் போனவருக்கு எந்த ஊரில் போய்ச் சான்றிதழ் வாங்குவது? 7 வருஷம் ஆளைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாக எடுத்துக்கொள்ளச் சாட்சியச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கி வா என்கிறார்கள். ஏக்கருக்கு விலை வந்தபிறகு நேற்று முளைத்தவன் பெயருக்கெல்லாம் சட்டென்று பட்டா மாறுகிறது, இவர் பெயர் மட்டும் அப்படியே கிடக்கிறது. பெரியப்பா அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

உங்களுக்கு உபயோகப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் கடலில் உயிர்விட்ட ஏறக்குறைய 24,000 வணிகக் கப்பல்காரர்களின் பெயர்களை லண்டன் டவர் ஹில்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். வணிகக் கப்பல்களில் வேலை செய்து அப்படி உயிர்விட்ட நம் ஆட்கள் ஏறக்குறைய 6,000 பேர். அவர்களுக்குக் கல் கிடையாது, பெயரேடுதான். ஒரே மாதிரி இரண்டு ஏடுகள், ஒன்று மும்பை மாலுமிகள் இல்லத்தில், இன்னொன்று சிட்டகாங் போர்க் கல்லறையில். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர்களை இலவசமாகத் தேடலாம். கம்பெனிக் கடிதம் இருந்தால் முதலில் அதில் கப்பலின் பெயரைப் பாருங்கள், எங்கள் கடிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. நம் பெயர்களைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், அதனால் ஒரே பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள், அப்பா பெயரையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு இன்னும் சிக்கவில்லை, என் தங்கை மகன் தேடிக்கொண்டிருக்கிறான்.