பழைய கமாரோவைக் கொடுத்துட்டு ஃபேக்டரி ரேஸ் கார் வாங்கலாமா?

கேள்வி: எங்கிட்ட 1969 கமாரோ இருக்கு, 350 இன்ஜின், ஆட்டோமேட்டிக். என்ஹெச்ஆர்ஏங்கற அமெரிக்க டிராக் ரேஸ் சங்கத்தோட ஸ்டாக் எலிமினேட்டர்ல (கம்பெனி வண்டியைப் பெரிசா மாத்தாம ஓட்டற பிரிவு) ஓட்டறேன், கால் மைலுக்கு 11.20 செகண்ட் பக்கத்துல வரும். இப்ப எந்த ட்ராக்குக்குப் போனாலும் கோபோ கமாரோ, கோப்ரா ஜெட் மஸ்டாங், டிராக் பேக் சேலஞ்சர்னு கம்பெனியே ரேசுக்காகச் செஞ்ச வண்டிங்க வரிசையா நிக்குது, 9 செகண்ட்ல பறக்குது. ஒரு புரோக்கர் என் காரை எடுத்துக்கிட்டு, மேல காசும் வாங்கிக்கிட்டு 2012 கோபோ ஒண்ணு தரேங்கறார். பழசை வெச்சுக்கிட்டு இனிமே ஜெயிக்கவே முடியாதுங்கறார். மாத்திடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. புரோக்கர் சொன்னதுல பாதி உண்மை, ஆனா அந்தப் பாதி உங்க ரேசுக்கு அவ்வளவா சம்பந்தம் இல்லாத பாதி.

புது வண்டி வேகம்ங்கறது சரிதான், அதுல சண்டை போட ஒண்ணுமில்ல. ஆனா ஸ்டாக் எலிமினேட்டர்ல பெரும்பாலான ரவுண்டு ஹேண்டிகேப் ரவுண்டு, அதாவது நீங்க 11.20 டயல் போடறீங்க (இத்தனை செகண்ட்ல ஓட்டுவேன்னு முன்கூட்டியே சொல்ற நம்பர்), எதிராளி 9.40 போடறார்னா உங்களுக்கு 1.80 செகண்ட் முன்னாடியே பச்சை விழும். அப்புறம் யாரு தன்னோட நம்பருக்கு ரொம்பப் பக்கத்துல ஓட்டறாங்க, யாரு லைட்டைச் சரியா பிடிக்கறாங்கங்கறதுதான் கணக்கு. உதாரணமா நீங்க பச்சை விழுந்து 0.030 செகண்ட் ரியாக்ஷன்ல கிளம்பி 11.22 ஓட்டறீங்க, டயலைவிட 0.02 கூட, மொத்தம் 0.050. அவர் 0.045ல கிளம்பி 9.41 ஓட்டறார், மொத்தம் 0.055. நீங்க ஜெயிச்சாச்சு, வித்தியாசம் 0.005 செகண்ட். அவர் கோட்டைத் தாண்டறப்ப 140 மைல் வேகத்துல வர்றதால அது சுமாரா ஒரு அடி தூரம். அந்த ஒரு அடியில அவரோட சூப்பர்சார்ஜருக்கு எந்த வேலையும் இல்ல. அவர் இன்னும் வேகமா போய் 9.38 ஓட்டியிருந்தா பிரேக்அவுட், அதாவது டயலைவிட வேகமா ஓடின தப்பு, அதுவும் அவர் தலையிலதான்.

வேகமான வண்டிக்காரருக்கு ஒரு வசதி இருக்கு, ஒத்துக்கறேன். அவர் பின்னாடியிருந்து வர்றாரு, உங்க வண்டி கண்ணு முன்னாடியே இருக்கு, கடைசி நூறு அடியில காலை எடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண அவருக்குச் சுலபம். நீங்க கழுத்தைத் திருப்பித் திரும்பிப் பாக்கணும். இது பழகினா வரும், இதுக்காக வண்டியை மாத்தறது வேண்டாத செலவு.

இப்ப உங்களை உண்மையிலேயே அடிக்கற இடத்துக்கு வரேன், இதை ரெண்டு தடவை படிங்க. எலிமினேஷன்ல ரெண்டு வண்டியும் ஒரே கிளாஸ் எழுத்தா (எடையையும் சக்தியையும் வெச்சுப் பிரிச்ச உட்பிரிவு) இருந்தா அந்த ரவுண்டு ஹெட்ஸ் அப். ஹேண்டிகேப் கிடையாது, டயல் கிடையாது, பிரேக்அவுட் கிடையாது, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பச்சை, முன்னாடி போனவன் ஜெயிச்சான். இண்டியானாபொலிஸ்ல நடக்கற யு.எஸ். நேஷனல்ஸ் மாதிரி இடத்துல கிளாஸ் எலிமினேஷனே தனியா இந்த மாதிரிதான் நடக்கும். இங்க மட்டும்தான் நிஜமான குதிரைசக்தி பேசும். ஆனா யோசிங்க, கிளாஸ்ங்கறது எடையை ஃபாக்டர் பண்ண ஹார்ஸ்பவரால, அதாவது என்ஹெச்ஆர்ஏ அந்த இன்ஜினுக்குன்னு கணக்குப் போட்டு வெச்ச ஹார்ஸ்பவரால, வகுத்து வர்றது. உங்க 350 வண்டியும் அந்த 9 செகண்ட் கோபோவும் ஒரே எழுத்துல வந்து நிக்கறது நடக்காத காரியம். உங்க எழுத்துல வரப்போறது உங்களை மாதிரியே இன்னொரு பழைய வண்டியோ, சாதுவான ஒரு புது வண்டியோதான். அப்படி ஒருத்தர் உங்க டிவிஷன்ல தொடர்ந்து உங்களை ஹெட்ஸ் அப்ல அடிக்கறாருன்னா எடையைக் கூட்டியோ குறைச்சோ பக்கத்து கிளாஸுக்கு நகரலாம், நிறைய பேரு செய்யறதுதான். பாலஸ்ட் (எடைக்காக வண்டியில வைக்கற கனம்) போடறதுக்கு ஆகற செலவையும் கோபோவுக்கு ஆகற செலவையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. மறுபடியும் சொல்றேன், ஹெட்ஸ் அப் தவிர மத்த இடத்துல புது வண்டியைப் பாத்து பயப்பட எந்தக் காரணமும் இல்ல.

அந்த ஃபாக்டரிங் விஷயத்துல எனக்கே பொறுமை இல்ல. விதி என்னன்னா உங்க காம்பினேஷன் (வண்டியும் இன்ஜினும் சேர்ந்த ஜோடி) கிளாஸுக்குன்னு வெச்ச இண்டெக்ஸ் நேரத்துக்கு ரொம்பக் கீழ ஓடினா என்ஹெச்ஆர்ஏ ஹார்ஸ்பவரை ஏத்திடும். கிளாஸ்ல ஒரு குதிரைக்கு 11 பவுண்டுன்னா, 10 குதிரை ஏத்தினா 110 பவுண்டு நீங்க சுமக்கணும், இல்லன்னா எழுத்து மாறும். கேக்க நியாயமாத்தான் இருக்கு. நடக்கறது என்ன? முடிவுக் கோட்டுக்கு முன்னாடியே, 1000 அடியில, பிரேக்கைத் தொட்டு நிஜ நம்பரை ஒளிச்சு வெச்சுக்கறாங்க, தகவல் எல்லாமே பொய்யாகி நிக்குது, அந்தப் பொய்யை வெச்சு அடுத்த வருஷத்துக்கு நம்பர் போடறாங்க. 2008ல 50 கோப்ரா ஜெட்டோட இந்தப் புது அலை ஆரம்பிச்சப்ப பழைய வண்டிக்காரங்க புலம்பினதுல நியாயம் இருந்துச்சு, காகிதத்துல இருந்த குதிரைக்கும் வண்டியில இருந்த குதிரைக்கும் ரொம்ப தூரம்னு. ஆனா அதே ஆளுங்க ஒண்ணை மறந்துடறாங்க, 1968 கோப்ரா ஜெட் 428ஐ ஃபோர்டு 335 குதிரைன்னுதான் வித்துது, 1969 இசட்எல்1 கமாரோவை செவர்லே 430ன்னு வித்துது, ரெண்டும் நிஜத்துல அதைவிட எவ்வளவோ கூட. கம்பெனிக்காரன் குறைச்சுச் சொல்றது நேத்து வந்த பழக்கம் இல்ல.

சரி, புரோக்கர் கதைக்கு வருவோம், எனக்குப் பெரிய கவலை இதுதான். கோபோ கமாரோ ரோட்டுல ஓட்டற வண்டியே இல்ல, ரிஜிஸ்டர் பண்ண முடியாது, சாதாரண காருக்கு வர்ற மாதிரி டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) வராது. சீரியல் நம்பரும் கைமாறின காகிதமும்தான் அதோட ஜாதகம். 2012ல செஞ்சதே 69 வண்டி, 1969ல வந்த 69 இசட்எல்1 நினைவா வெச்ச கணக்கு. அதனால சாதாரண புது கமாரோ பாடியை வாங்கி, ஸ்டிக்கர் ஒட்டி, சூப்பர்சார்ஜர் மாட்டி "கோபோ"ன்னு பேசறவங்க இருக்காங்க. முதல் டீலர்கிட்டேர்ந்து உங்க கை வரைக்கும் ஒவ்வொரு விற்பனை ரசீதும் சங்கிலியா வருதான்னு பாருங்க. நடுவுல ஒரு கண்ணி இல்லன்னா "அது தொலைஞ்சுபோச்சு சார்"னு சிரிப்பாங்க, நீங்க சிரிக்காம எழுந்து வந்துடுங்க. இன்ஜின் நம்பரையும் பாருங்க, ரேஸ் ஓடின வண்டி பலதுல இன்ஜின் மாறியிருக்கும், மாறினது தப்பில்ல, சொல்லாம விக்கறதுதான் தப்பு.

அடுத்தது டைம் ஸ்லிப், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ட்ராக்குல தர்ற நேரச் சீட்டு. புரோக்கர் காட்டறது எப்பவுமே ஒரே ஒரு ஸ்லிப், அதுவும் குளிர் காத்துல, கடல்மட்டத்துக்குப் பக்கத்து ட்ராக்குல எடுத்தது. அதே வண்டி 2023 சீசனோட மூடின கொலராடோ பாண்டிமியர் ட்ராக்குல ஓடியிருந்தா, அது சுமார் 5,800 அடி உயரம், காத்து மெல்லிசு, நம்பர் வேற மாதிரி இருந்திருக்கும். ஒரே நாள்ல வரிசையா ஓடின ஸ்லிப் எல்லாத்தையும் கேளுங்க, முதல் 60 அடிக்கு ஆன நேரத்தை மட்டும் விரலை வெச்சுக் கீழ வரைக்கும் பாருங்க. அது தாவிக்கிட்டே இருந்தா அந்த வண்டி எவ்வளவு வேகமா போனாலும் டயல் போட முடியாத வண்டி. சூப்பர்சார்ஜர் வண்டியில சூடு ஏறிடுச்சுன்னா கம்ப்யூட்டர் தானா இக்னிஷன் டைமிங்கைக் குறைச்சு சக்தியைக் கம்மி பண்ணிடும், காலையில ஒரு நம்பர், மத்தியானம் வேற நம்பர். இன்டர்கூலர் டேங்க்ல ஐஸ் கொட்டிக்கிட்டே இருக்கணும், லேப்டாப்போட ஒரு டியூனரும் கூட வேணும்.

"டெக்ல பாஸ் ஆன லீகல் இன்ஜின்"னு சொன்னா நம்பாதீங்க. கேட்டுல நடக்கற டெக் சோதனை வேற, ஜெயிச்சப்புறம் பிரிச்சுப் பாக்கற டியர்டவுன் வேற. ஸ்டாக்ல கேம் லிஃப்ட் (வால்வு திறக்கற உயரம்) ஒரிஜினல் அளவுதான் இருக்கணும், ஹெட்ல போர்ட்டிங் (காத்துப் பாதையைச் செதுக்கிப் பெரிசாக்கறது) கூடாது. கழட்டி அளந்த காகிதம் இருந்தாத்தான் அது லீகல். 9.99 செகண்டோ அதைவிட வேகமாவோ போற வண்டின்னா ரோல் கேஜும் (உள்ள மாட்டற பாதுகாப்புக் கம்பிக் கூண்டு) ரேஸ் லைசென்ஸும் சேசிஸ் சர்டிபிகேட்டும் வேணும், அந்த சர்டிபிகேட் 3 வருஷம்தான், ஸ்டிக்கர்ல தேதியைப் பாருங்க. சீட் பெல்ட்டுக்கு 2 வருஷம். இதெல்லாம் காலாவதியானா செலவு உங்களோடது, புரோக்கரோடது இல்ல.

உங்க பழைய வண்டியில செய்ய வேண்டியது சலிப்பான வேலை, அதனாலதான் யாரும் செய்யறதில்ல. கார்புரேட்டர் காத்துக்கு ஆடும், கம்ப்யூட்டர் மாதிரி தானா சரிபண்ணிக்காது. அதனால ஸ்டேஜ் பண்றப்ப (ஸ்டார்ட் கோட்டுல நிறுத்தறப்ப) இன்ஜின் தண்ணி சூடு ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரே நம்பர்ல இருக்கட்டும், டயர் காத்து ஒரே அளவு, பர்ன்அவுட் (டயரைச் சூடாக்கச் சுத்த விடறது) ஒரே நேரம். ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு ரன்னுக்கும் வெப்பம், ஈரப்பதம், பாரோமீட்டர், 60 அடி, முடிவு நேரம் எல்லாம் எழுதுங்க. ஒரு சீசன் எழுதினீங்கன்னா காலையில வானத்தைப் பாத்தே டயல் என்னன்னு சொல்லிடுவீங்க. புரோக்கருக்குக் கொடுக்க இருந்த காசுல ஒரு வெதர் ஸ்டேஷனும் புது டார்க் கன்வெர்ட்டரும் போட்டுட்டு, மிச்ச நேரத்துல பிராக்டிஸ் ட்ரீ (ஸ்டார்ட் விளக்குக் கம்பத்தோட பயிற்சி மாதிரி) வெச்சு லைட்டை அடிங்க. மூணு மஞ்சளும் அரை செகண்ட் இடைவெளியில வர்ற ஸ்போர்ட்ஸ்மேன் ட்ரீல கடைசி மஞ்சளைப் பாத்துத்தான் விடணும், பச்சையைப் பாத்து விட்டா எதிராளி கிளம்பியிருப்பார்.

புரோக்கருக்குப் பதில் சொல்லணும்னா முதல் டீலர் ரசீதோட படத்தை மட்டும் அனுப்பச் சொல்லுங்க, அது வர்ற வரைக்கும் உங்க கமாரோவைப் பாக்க வர விடாதீங்க.