17 வயதுப் பையனுக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) இருந்தால் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் கோரிமேட்டில் குடியிருக்கிறோம். மகனுக்கு 17 வயது, வரும் நவம்பரில் 18 முடிகிறது. ஏற்காட்டில் உள்ள பாட்டி வீட்டுக்கு வாராவாரம் பஸ்ஸில் போய் வருகிறான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் ஒருவர், "16 முடிந்தாலே எல்.எல்.ஆர். உண்டு. எடுத்துத் தருகிறேன், அதை வைத்துத் தாராளமாக ஸ்கூட்டர் ஓட்டலாம். 18 ஆனதும் காரையும் சேர்த்துவிடலாம்" என்று 6,000 ரூபாய் கேட்கிறார். வீட்டில் இருப்பது 110 சி.சி. ஸ்கூட்டர். அவர் சொல்வதை நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். பணமும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

16 வயதில் எல்.எல்.ஆர். உண்டு என்பது உண்மைதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, 50 சி.சி.க்கு மேற்படாத இரு சக்கர வண்டியை மட்டும் 16 முடிந்தவர் ஓட்டலாம் என்கிறது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். அந்த 50 சி.சி. என்ற வரம்பைத்தான் உங்களிடம் மறைக்கிறார்கள். உங்கள் ஸ்கூட்டர் 110. "சின்ன வண்டிதானே" என்று எல்லோரும் பையன்களிடம் கொடுக்கும் எக்ஸ்.எல். 100-கூட 99.7 சி.சி. அதற்கு முந்தைய எக்ஸ்.எல். சூப்பர் 69.9 சி.சி. இரண்டுமே சேராது. இந்த விதி வந்தபோது 50 சி.சி. மொபெட் தெருவுக்குத் தெரு ஓடியது. இன்று ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினாலும் அப்படி ஒரு பெட்ரோல் வண்டி கிடைப்பது அரிது. வண்டி போய்விட்டது, விதி மட்டும் அப்படியே கிடக்கிறது. அதைத் திருத்தவும் ஆளில்லை, 'இந்த எல்.எல்.ஆரால் உங்களுக்குப் பயனில்லை' என்று கவுன்டரில் சொல்லவும் ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

250 வாட்டுக்கு உட்பட்டு, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத பேட்டரி வண்டிக்கு லைசென்ஸே தேவையில்லை. ஆனால் ஏற்காடு மலைப்பாதையில் அது ஏறாது.

மீறிக் கொடுத்தால் என்ன ஆகும்? 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி, 18 ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆரும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் பஸ்தான்.

இதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. புரோக்கர்கள் அதையும் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சிறுவரிடம் எல்.எல்.ஆர். இருந்து, அந்த எல்.எல்.ஆர். எந்த வகை வண்டிக்குத் தரப்பட்டதோ அதே வகையை ஓட்டியிருந்தால் பெற்றோர் மேல் இந்தக் குற்றம் வராது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். 50 சி.சி. எல்.எல்.ஆரைப் பையில் வைத்துக்கொண்டு 110 சி.சி. ஓட்டினால் முதல் பாதி இருக்கிறது, இரண்டாவது பாதி இல்லை. விலக்கு செல்லாது. 6,000 ரூபாய் கொடுத்து வாங்கும் காகிதம் உங்களைக் காப்பாற்றாது.

அதுவரை எங்கே பழகுவது? சட்டம் தடுப்பது பொது இடத்தில் ஓட்டுவதை. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த இடமும் பொது இடம்தான். பிளாட் போட்டுக் காலியாகக் கிடக்கும் தார்ச்சாலையும் அதில் சேரும். கேட் பூட்டிய காபி எஸ்டேட்டின் உள்பாதையோ, சுற்றுச்சுவர் உள்ள சொந்த இடமோ கிடைத்தால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க ஸ்கூட்டரின் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் பழகட்டும்.

நவம்பரில் 18 முடிந்ததும் பரிவாகன் சாரதி தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். கணினி பழக்கம் இல்லையென்றால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50. பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு வகைக்கு 300, லைசென்ஸுக்கு 200. காரும் பைக்கும் சேர்த்தால் 1,150 ரூபாய். சேவைக் கட்டணம் சேர்ந்தாலும் 6,000 பக்கம் போகாது. விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண்தான் இருக்க வேண்டும். புரோக்கர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள். பின்னால் முகவரி மாற்றவோ, புதுப்பிக்கவோ போனால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், மறுபடி அவரிடமே நிற்க வேண்டும். லைசென்ஸ் இப்போது விரைவு அஞ்சலில்தான் வருகிறது. கதவு எண்ணைச் சரியாகப் போடுங்கள்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அது பழகுவதற்கான அனுமதி, தனியாக ஓட்ட அல்ல. அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ளவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் கூடவே இருக்க வேண்டும். காரில் முன் இருக்கை, ஹேண்ட் பிரேக் கைக்கு எட்ட வேண்டும். ஸ்கூட்டரில் பின்னால் அவர் மட்டும்தான், நண்பன் ஏறக்கூடாது. முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்'. இதையெல்லாம் சடங்கு என்று விட்டுவிடாதீர்கள். காப்பீட்டு பாலிசியிலேயே எல்.எல்.ஆர்.காரர் இந்த விதிப்படி ஓட்டினால்தான் பாதுகாப்பு என்று எழுதியிருக்கும். தனியாகப் போய் யார் மேலாவது இடித்தால், கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரலாம்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கார், பைக்குக்குக் கட்டாயமில்லை. கார் பழகச் சேர்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். விதிப்படி பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது, கையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் மட்டும் 10 மணிக்குக் குறையக்கூடாது. நடப்பது வேறு. ஒரு காரில் நாலு பேரை ஏற்றி, ஆளுக்குக் கால் மணி நேரம் கொடுத்து, அதை ஒரு மணி என்று கணக்கு எழுதுகிறார்கள். ஓட்டிய நேரத்தைப் பதிய படிவம் 15 என்று ஒரு பதிவேடு உண்டு. மொத்தமாகக் கையெழுத்துக் கேட்டால் மகன் போடக்கூடாது, ஓட்டிய அன்றைக்கு மட்டும் போடட்டும். கார் தேர்வில் 'எச்' வடிவப் பாதையில் ஓட்டிக் காட்டும் 'எச்' போடுவதையும் "பின் கண்ணாடியில் இந்தக் கம்பி தெரிந்ததும் ஒரு சுற்று" என்று மனப்பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். அப்படித் தேறியவருக்குச் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் வண்டியைப் பின்னால் எடுக்க வராது. கம்பிகள் இல்லாத இடத்தில், பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பின்னெடுக்கச் சொல்லிக்கொடுங்கள்.

காரில் ஏற்காட்டுப் பாதையைக் கடைசியில் வையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. சமதளத்தில் கியர் மாற்றக் கண் கீழே போகாத நிலை வந்த பிறகு, வார நாளில் காலையில், லைசென்ஸ் உள்ளவரோடு போகட்டும். அதற்கு முன் ஏதாவது மேட்டில் நிறுத்தி எடுக்கப் பழக வேண்டும்: ஹேண்ட் பிரேக் மேலே, முதல் கியர், கிளட்சை மெதுவாக விட்டால் ஓரிடத்தில் என்ஜின் சத்தம் கனக்கும். அங்கே காலை நிறுத்தி, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, அப்புறம் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். ஹேண்ட் பிரேக்கை முதலில் விட்டால் வண்டி பின்னால் வரும். வளைவில் நுழையும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும், நடு வளைவில் மாற்றினால் இழுவை போய் நிற்கும். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும், சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிடுங்கள்.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகே தேர்வு. ஸ்லாட் சீக்கிரம் நிரம்பிவிடும், 6 மாதம் இருக்கிறதே என்று ஐந்தாவது மாதம் வரை தள்ளாதீர்கள். தேறாவிட்டால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். 3 முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.