உங்கள் பந்தையும் கொண்டுவாருங்கள்: கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க்

உள்ளூர் அமெச்சூர் கால்பந்து கிளப் ஏதாவது ஒன்றின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், ஊருக்கு ஊர் கால்பந்து அணி உள்ள மண்ணில். ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மனத்தில் வந்து நின்றது, வேலை நிமித்தம் சில ஆண்டுகள் தங்கியிருந்த, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தின் குயின்ஸ் பார்க் கிளப்தான். 1867இல் தொடங்கி 2019 வரை, ஆடுவதற்குக் கூலி கிடையாது என்ற கொள்கையை அவர்கள் விடவே இல்லை. கிளப்பின் லத்தீன் முழக்கத்துக்குப் பொருள், 'விளையாட்டுக்காகவே விளையாடு' என்பது.

1867 ஜூலை 9ஆம் தேதி மாலை, கிளாஸ்கோவின் தென்பகுதியில் எக்ளின்டன் டெரஸ் 3ஆம் எண் வீட்டில் சில இளைஞர்கள் கூடினார்கள். என்ன பெயர் வைப்பது என்பதில் பெரிய வாக்குவாதம். கடைசியில் பக்கத்துப் பூங்காவின் பெயரே ஒரே ஓர் ஓட்டு வித்தியாசத்தில் வென்றது. அந்தப் பெயரில் உள்ள ராணி, விக்டோரியா அல்ல. 1568இல் அருகிலுள்ள லாங்சைடு போரில் தோற்று, நாட்டையே விட்டுப் போன ஸ்காட்லாந்து ராணி மேரி.

கிளப் தொடங்கியாயிற்று, எதிர்த்து ஆடத்தான் ஆள் இல்லை. ஓராண்டு கழித்துத் தீசில் என்ற அணி கிடைத்தது. அவர்களுக்குக் குயின்ஸ் பார்க் செயலாளர் ராபர்ட் கார்ட்னர் 1868 ஜூனில் எழுதிய கடிதம் எனக்கு மிகவும் பிடித்த வரலாற்று ஆவணம். பக்கத்துக்கு இருபது பேர் ஆடலாம், இந்தப் பருவத்துக்கு இரண்டு மணி நேர ஆட்டம் போதும் என்கிறார். பிறகு ஒரு வேண்டுகோள்: பந்து பழுதாகி ஆட்டம் நின்றுவிடக் கூடாது, உங்கள் பந்தையும் கொண்டுவாருங்கள்.

அதைப் படித்தபோது நான் எங்கள் ஊருக்கே போய்விட்டேன். பக்கத்து ஊரை ஆட்டத்துக்கு அழைக்கும்போது நாங்களும் இதையேதான் சொல்லி அனுப்புவோம். எங்கள் பந்தில் ஓரிடத்தில் தையல் விட்டுப்போய், உள்ளே இருக்கும் பிளாடர் கோழிமுட்டை போலப் பிதுங்கி நிற்கும். ஒருவன் கட்டைவிரலால் அதை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் வலை பின்னும் நைலான் நூலால் இழுத்துத் தைப்பான். முக்கால் ஆட்டம் வரை தாங்கும். பிறகு வந்தவர்களுடைய பந்துதான்.

இங்கிலாந்தில் கால்பந்து சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டி 1871இல் தொடங்கியபோது, கோப்பை செய்ய 20 பவுண்டு தேவைப்பட்டது. குயின்ஸ் பார்க் ஒரு கினி, அதாவது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும் அனுப்பிவைத்தது. 1872 மார்ச்சில் லண்டனுக்குப் போய் அரையிறுதியில் வாண்டரர்ஸ் அணியுடன் கோல் இல்லாமல் சமன் செய்தார்கள். மறு ஆட்டம் ஆட வேண்டும். அதற்குத் தங்கவும் திரும்பி வரவும் கையில் காசு இல்லை. விலகிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றது வாண்டரர்ஸ்தான்.

அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, கிளாஸ்கோவை ஒட்டிய பார்ட்டிக்கில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. உலகின் முதல் அதிகாரப்பூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம் அது. ஸ்காட்லாந்துக்காக இறங்கிய பதினொருவரும் குயின்ஸ் பார்க் வீரர்கள். தலைவரும் கோல்கீப்பரும், பந்து கேட்டுக் கடிதம் எழுதிய அதே கார்ட்னர். அன்று அவர்கள் அணிந்தது கிளப்பின் கருநீலச் சட்டை. ஸ்காட்லாந்து அணி இன்றுவரை அணிவது அந்த நிறத்தைத்தான். கிளப் மட்டும் அடுத்த ஆண்டே கறுப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு மாறியது. அந்த மெல்லிய பட்டைகளால்தான் 'சிலந்திகள்' என்ற செல்லப் பெயர் வந்தது என்பார்கள்.

ஆட்டம் 0-0 என்று முடிந்தது. ஆனால் ஆடிய விதத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து இங்கிலாந்து ஆட்டம் என்பது, பந்து கிடைத்தவன் அதைக் காலோடு உருட்டிக்கொண்டு தன்னந்தனியாக எதிரிக் கூட்டத்துக்குள் பாய்வது. எடையில் குறைந்த கிளாஸ்கோ இளைஞர்கள் பந்தைத் தட்டிக் கூட்டாளிக்குக் கொடுத்தார்கள். பாஸ் கொடுத்து ஆடும் முறையை வளர்த்தெடுத்ததில் இந்தக் கிளப்பின் பங்கு மிகப் பெரியது. இன்று தொலைக்காட்சியில் அழகான பாஸ்களைப் பார்த்துக் கைதட்டுகிற ஒவ்வொருவரும் இந்தச் சம்பளமில்லாத இளைஞர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆண்ட்ரூ வாட்சனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இன்றைய கயானாவில் 1856இல், ஸ்காட்லாந்துக் கரும்புத் தோட்ட முதலாளிக்கும் கயானாப் பெண்ணுக்கும் பிறந்தவர். 1880இல் குயின்ஸ் பார்க்கில் சேர்ந்தார். 1881 மார்ச்சில் ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கி, லண்டன் மண்ணிலேயே இங்கிலாந்தை 6-1 என்று வீழ்த்தினார். சர்வதேசக் கால்பந்து ஆடிய முதல் கறுப்பின வீரர் இவர். பல பத்தாண்டுகள் அவர் பெயரை உலகம் மறந்தே கிடந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இங்கிலாந்தில் 1885இல் வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது முறைப்படி அனுமதிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1893இல். அதே 1893இல் குயின்ஸ் பார்க் தன் பத்தாவது ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. பதினோராவது இன்றுவரை வரவில்லை. 1890இல் லீக் போட்டி தொடங்கியபோது, இது பணத்தில்தான் போய் முடியும் என்று சேர மறுத்தவர்கள், 1900இல் சேர்ந்தார்கள். பத்துக் கோப்பை வென்ற கிளப் பிற்காலத்தில் கீழ்ப் பிரிவுகளில் தவித்தது. அதற்கு முன்பே, 1903இல், ஹாம்ப்டன் பார்க் என்ற மாபெரும் மைதானத்தைச் சொந்தமாகக் கட்டினார்கள். 1937இல் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆட்டத்தை அங்கே பார்த்தவர்கள் 1,49,415 பேர்.

நான் அங்கே முதல்முறை போனது 2012இன் இறுதியில், ஒரு சனிக்கிழமை பிற்பகல். சுமார் 52,000 இருக்கைகள். தெற்கு ஸ்டாண்டில் ஒரு பகுதியை மட்டும் திறந்திருந்தார்கள். சில நூறு பேர் இருந்திருப்போம். கோல்கீப்பர் பந்தை உதைத்தால் அந்த 'தொப்' ஓசை எதிர்ப்புறக் காலி இருக்கைகளில் மோதித் திரும்பி வந்தது. வீரர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், அவர்கள் மூச்சு வாங்குவதும்கூடக் கேட்டது. பக்கத்தில் இருந்த முதியவர் கம்பளிக் கையுறையைக் கழற்றாமலே ஆட்டிறைச்சியை உள்ளே வைத்துச் சுட்ட 'பை' (pie) பண்டத்தைத் தின்றுகொண்டு, ஒவ்வொரு வீரரும் வார நாட்களில் என்ன படிக்கிறார், எங்கே வேலை செய்கிறார் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த சீசனில் அவர்களுக்கு இடது பின்களத்தில் ஆடியவர் ஆண்டி ராபர்ட்சன். உயரம் போதாது என்று கிளாஸ்கோவின் பெரிய கிளப்பான செல்டிக் பதினைந்து வயதில் வெளியே அனுப்பிய பையன். ஹாம்ப்டனில் டிக்கெட் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் வேலையும் பார்த்தார். காசில்லாத வாழ்க்கை கொடுமை, ஒரு வேலை வேண்டும் என்று அப்போது ட்விட்டரில் எழுதினார். 2019இல் லிவர்பூல் அணியோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஏந்தினார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பு, பதினாறு வயதில் இதே சட்டையில் தொடங்கியவர், பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் மேலாளராகப் புகழ்பெற்ற அலெக்ஸ் ஃபெர்குசன்.

2019 நவம்பரில் உறுப்பினர்கள் வாக்களித்து அமெச்சூர் விதியைக் கைவிட்டார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தபோது அவர்கள் பக்க நியாயம் புரிந்தது. சம்பளமில்லாத வீரரை ஒப்பந்தத்தில் பிடித்துவைக்க முடியாது. பத்து வயதிலிருந்து பார்த்துப் பார்த்துப் பயிற்சி கொடுத்த பையனைப் பெரிய கிளப் வந்து அழைத்துக்கொண்டு போய்விடும். அடுத்த தலைமுறையை வளர்க்கவே வழியில்லாமல் கொள்கையை மட்டும் காப்பாற்றி என்ன பயன்? அவர்கள் செய்தது சரி என்பதே என் முடிவு. ஹாம்ப்டனையும் 2020இல் 50 லட்சம் பவுண்டுக்கு ஸ்காட்லாந்து கால்பந்து சங்கத்திடம் விற்றுவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோவின் இன்னொரு பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸை அந்த அணியின் மைதானத்திலேயே 1-0 என்று வென்றபோது, நான் நாகர்கோவிலில் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கிளாஸ்கோ போனால் பெரிய மைதானத்தோடு திரும்பிவிடாதீர்கள். 1873இல் கிளப் தொடங்கிய முதல் ஹாம்ப்டன் இருந்த இடம் இப்போது ஒரு புல்தரைப் பந்துருட்டு கிளப். அங்கே ஒரு சுவர் முழுக்க ஓவியம் வரைந்திருக்கிறார்கள். 1882இல் அதே மண்ணில் இங்கிலாந்தை 5-1 என்று வென்ற ஆட்டம் அது. கருநீலச் சட்டைகளுக்கு நடுவே வாட்சன் நிற்கிறார்.